ஓமுக்கு இங்கிலீசு

உலகத்தில் கதை சொல்பவர் உண்டு, கேட்பவர் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவே, யாரும் அழைக்காமலே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு, வாசகரே. அதற்குப் பெயர் எடுத்துச்சொல்லி. கலியாண வீடு, செத்த வீடு, பொலிஸ் நிலையம் என்று எங்கும் முளைக்கும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "இவர் சொல்ல வாறது என்னெண்டால்" என்று தொடங்கிவிடும்.

திருகோணமலையில் இந்த இனத்தின் திலகம் சிவகுருநாதன். துறைமுகக் கந்தோரில் வெள்ளைக்காரக் கப்டன்மாரோடு இங்கிலீசு பேசியவர். அவர்கள் கடற்படையைக் கட்டிக்கொண்டு போன பிறகு இருபது வருடம் அந்த இங்கிலீசு வாய்க்குள்ளேயே கிடந்து ஊறியது. மனைவி கமலாதேவியிடம் பேசிப் பார்த்தார். அம்மையார் குசினிக் கதவைச் சாத்திவிட்டார். பாவம், மனுசன் எங்கே போய்க் கொட்டுவார்?

எழுபத்தேழுக் கலவரத்தில் அனுராதபுரத்திலிருந்து தப்பி வந்த சனம் நிலாவெளி வீதியோரம் கொட்டில் போட்டது. பின்னாலேயே ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் வந்தார். சிவகுருநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கொளுத்தும் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்தச் சனத்தில் ஒருத்தியான புஷ்பவதியின் கொட்டிலுக்குள் நின்று அண்ணாந்தால் ஆகாயம் தெரிந்தது. மூன்று பிள்ளைகள், மாரி வேறு கிட்டி வந்துவிட்டது. கூரைக்குத் தகரம் வேண்டுமென்றால் தன் நாட்டுச் சங்கம் ஒன்றுக்கு எழுதுவதாகப் பத்திரிகைக்காரர் சொன்னார். வேண்டுமா என்று சிவகுருநாதன் தமிழில் கேட்டார்.

"ஓம்" என்று தலையாட்டினாள் புஷ்பவதி. விளங்கவில்லையோ என்று பயந்து, "ஓம், ஓம்" என்றாள்.

இந்த ஒன்றரை எழுத்தை மொழிபெயர்க்கவா இருபது வருடம் இங்கிலீசைப் பொத்தி வைத்திருந்தார்? கோணேசர் கோயிலில் தொடங்கி, இராவணன் வெட்டுப் பாறையில் ஏறி, சைவர்களின் பொறுமையைத் தொட்டு, தன் கந்தோர்ப் பெருமையில் வந்து இறங்கினார். பத்திரிகைக்காரர் விழுந்து விழுந்து எழுதினார். தகரத்தை மட்டும் எழுதவில்லை. அந்த மாரி முழுக்கப் பிள்ளைகள் நனைந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பத்திரிகைக்காரர் நாவலே எழுதிவிட்டார். தபாலில் வந்த பிரதியை நெஞ்சில் அணைத்தபடி சிவகுருநாதன் சந்தையெல்லாம் உலாத்தினார். நாவலின் உச்சக்கட்டம் எது தெரியுமா? என்ன வேண்டுமென்று கதாநாயகன் கேட்க, அகதிப் பெண் ஒன்றும் கேளாமல் புனித மந்திரத்தை மூன்று தரம் ஓதுகிறாள். அவன் தேம்பி அழுகிறான். அந்தப் பக்கத்தைப் புஷ்பவதியிடமே கொண்டுபோய் வாசித்து, எடுத்தும் சொன்னார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஐயா, ஓமுக்கு இங்கிலீசில என்ன?"

"யெஸ்."

"இவ்வளவுதானோ? இதையோ உங்களுக்குச் சொல்ல ஏலாமப் போனது?"

அடுத்த மாரிக்கு முன் நிவாரணச் சங்கத்து வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, அப்போதும் ஓட்டையாகவே கிடந்த கூரையை அண்ணாந்து பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார். சிவகுருநாதன் தொண்டையைச் செருமினார். புஷ்பவதி அவரை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, கூரையைக் காட்டி, "யெஸ்" என்றாள். தகரம் லொறியில் வந்து இறங்கியது. கூரை போட்ட அன்று சிவகுருநாதன் விடுவாரா? உள்ளே நின்று நன்றியுரை தொடங்கினார். மழையும் தொடங்கியது. தகரத்தில் அது போட்ட சத்தத்தில் அவர் வாய் அசைந்ததைத்தான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

நீங்கள் அந்த இனமில்லைத்தானே, வாசகரே? போன கிழமை எங்கே நோகிறதென்று டொக்டர் உங்கள் மனைவியிடம் கேட்க, பதில் சொன்னது யார், நீங்கள்தானே? "ஓம்" என்று முனகுகிறீர்கள். பொறுங்கள், இதை நானே எல்லாருக்கும் விளக்கிவிடுகிறேன்: இவர் சொல்ல வாறது என்னெண்டால்...