வரிசையில் கிடந்த சாந்தப்பன்

இப்போது நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். காலையில் நான்கு இருந்தன. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், எல்லாம் என் இரண்டு கண்ணால் பார்த்தது. நடுவில் ஒரு கண்ணில் தூசி விழுந்தது. அந்த இடம் மட்டும் ஒரு கண்ணால் பார்த்தது.

ஒரு காட்டில் சாந்தப்பன் என்று ஓர் ஆமை இருந்தது. பங்குனி வெயிலில் அதன் குட்டை வற்றிப்போய், ஒரு கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். தினமும் எழுந்ததும் எந்தக் காலை நனைப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை. அந்தக் காட்டில் வற்றாதது தாமரைக்குளம் ஒன்றுதான். அங்கே குடியேற வேண்டுமானால் இடச்சீட்டு வேண்டும். மருதமரத்துப் பொந்தில் உட்கார்ந்து மாசிலாமணி என்ற குரங்கு சீட்டு கொடுக்கும். பங்குனி கடைசி நாளோடு சரி. அதற்குள் வாங்காதவர்கள் வெந்து சாக வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. விடிந்ததும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கல் நிற்கும். முள்ளம்பன்றி தன் கல்லுக்கு அடையாளமாக ஒரு முள்ளைச் செருகி வைக்கும். பாம்பு கல்லைத் தேடி அலையாமல் சட்டையையே கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். பொந்து திறந்ததும் அவரவர் வந்து அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். ஆள் வராத கல்லை உதைத்து வெளியே தள்ளுவதற்கென்றே வீரபாகு என்ற காட்டுப்பன்றியை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

சாந்தப்பன் மட்டும் ஒழுங்காக நேரில் வந்து நின்றது. அதுதான் அது செய்த தப்பு.

"இந்தக் கல்லு யாருது?" என்று வீரபாகு கத்தும்.

'நான் கல்லு இல்லீங்க' என்று சொல்லத்தான் சாந்தப்பன் வாயைத் திறக்கும். பன்றியின் காலைக் கண்டதும் தலை தானாக உள்ளே போய்விடும். பிறவிப் பழக்கம், என்ன செய்வது? உதை விழும். புதருக்குள் போய் விழுந்து, தைரியம் வந்து, தலையை வெளியே நீட்டுவதற்குள் மாசிலாமணி பொந்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும்.

ஆறு நாள் இப்படியே போனது.

"என்னை மாதிரி ராசி கெட்டவன் இந்தக் காட்டில் எவனும் இல்லை" என்று அழுதுகொண்டே சாந்தப்பன், வண்ணமுத்து என்ற பச்சோந்தியிடம் போனது. மனம் உடைந்தவர்களுக்கு யோசனை சொல்வதுதான் வண்ணமுத்துவின் தொழில். ஒரு யோசனைக்குப் பத்து ஈ.

"துரதிர்ஷ்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுப்பா. எல்லாம் பார்க்கிற பார்வையிலதான் இருக்கு" என்றது வண்ணமுத்து. அதன் வலது கண் சாந்தப்பனைப் பார்த்தது. இடது கண் ஈயைப் பார்த்தது.

"உதைக்கிறாங்களேண்ணே!"

"உதைச்சாங்கன்னு ஏன் பார்க்கிறே? நடக்காமலே பத்தடி போய்ச் சேர்ந்தேன்னு பாரு. உன் நடைக்கு அது அரைநாள் பயணம்."

"திரும்பி வர அரைநாள் ஆகுதே?"

"அதை நான் இந்தக் கண்ணால பார்க்கிறதில்லை. பார்வையை மாத்து, எல்லாம் மாறும். அடுத்தது யாருப்பா?"

ஏழாம் நாள், கடைசி நாள். என்ன நடந்தாலும் பார்வையை மாற்றியே தீர்வது என்று சாந்தப்பன் வந்து நின்றது. அன்றைக்கு வீரபாகுவுக்குக் காலில் சுளுக்கு. உதை கோணலாக விழுந்தது. சாந்தப்பன் புதருக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே மல்லாந்து விழுந்தது.

அடேயப்பா, பார்வை மாறியேவிட்டது! வானம் கீழே, தரை மேலே. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த மாசிலாமணி மட்டும் நேராகத் தெரிந்தது.

மாசிலாமணியும் பார்த்தது. மஞ்சள் அடிவயிறு. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"யோவ் வீரபாகு, எதைய்யா உதைச்சே?"

"கல்லைத்தானுங்க."

"கோடு போட்டிருக்கு பாருய்யா! சர்வே கல்லு! நிலத்தை அளந்து அரசாங்கம் நட்ட கல்லு! எத்தனை நாளா உதைக்கிறே?"

"ஏழு நாளா..." வீரபாகு உதைத்த காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"அப்ப காட்டு எல்லை ஏழு தடவை மாறியிருக்கு. இப்ப நாம நிக்கிறது நம்ம காடுதானான்னே தெரியலையே!"

வரிசையில் நின்ற ஒரு மான் மயங்கி விழுந்தது. பக்கத்துக் காட்டில் அதன்மேல் இரண்டு வழக்கு இருந்தது.

"இதை முதல்ல எங்க நட்டிருந்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று மாசிலாமணி கேட்டது.

"தாமரைக்குளம்" என்று கல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஐயா, கல்லு பேசுதுங்க!"

"அரசாங்கக் கல்லு பேசும்யா. நாமதான் பேசக்கூடாது. தூக்கு!"

பூப்போல் தூக்கிக்கொண்டு போய்த் தாமரைக்குளத்துக் கரையில், தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி, எப்படிக் கிடந்ததோ அப்படியே மல்லாக்க வைத்தார்கள். வரிசை வேலை போக மிச்ச நேரமெல்லாம் காவலுக்கு வீரபாகு. வெயிலில் கல் வெடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் தாமரை இலையால் நிழல் கட்டி, மூன்று வேளையும் வீரபாகு தண்ணீர் ஊற்றியது. காட்டிலுள்ள மிருகமெல்லாம் தாமரைத்தண்டும் கையுமாக வந்து, "எல்லையைக் கொஞ்சம் நம்ம பக்கம் தள்ளி வச்சுக்கோங்க" என்று காதில் சொல்லிவிட்டுப் போயின. கல்லுக்குக் காது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் சொன்னார்கள்.

இப்படிப் பத்து நாள் சுகமாகப் போனது. பதினோராம் நாள் சாந்தப்பனுக்கு ஒரு முங்கு முங்கி எழுந்தால் தேவலை என்று தோன்றியது. மெதுவாகத் தலையை நீட்டியது.

"வீரபாகு அண்ணே, என்னைக் கொஞ்சம் திருப்பி விடுங்களேன்."

"ஐயையோ! சர்வே கல்லைப் புரட்டினா என் வேலை போயிடும். மாசிலாமணி ஐயாகிட்ட மனு போடணும்."

"போட்டுருவோமே."

"மனு போடுறவங்க நேர்ல வந்து வரிசையில நிக்கணுமுங்க."

சாந்தப்பன் மல்லாந்தபடியே நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தது.

"சரிண்ணே. எனக்காக ஒரு கல்லைப் போட்டுட்டு வந்துடுங்க."

வீரபாகு அப்படியே போட்டது. மறுநாள் பொந்து திறந்ததும், ஆள் வராத கல் என்று வீரபாகுவே அதை உதைத்துத் தள்ளியது.

நீதி: பார்வையை மாற்றிக்கொண்டால் துரதிர்ஷ்டமும் அதிர்ஷ்டமாகும். ஆனால் மாற்றிவிட ஒரு பன்றி வேண்டும். மாறியபின் குளிக்க ஆசைப்படக் கூடாது.

இதை யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், போகிற வழியில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வெளியே வரவே கூடாது. அந்த வரிசையில் என் கல் ஒன்றும் கிடக்கிறது.