பால் குடித்த அடுப்பு

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணை யாரும் மருமகளாக எடுக்காதீர்கள். வேறு யாரும் சொல்லவில்லை, அப்படிப்பட்ட மருமகளாகிய நானே சொல்கிறேன். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, ஐந்து மணிக்கு மேல் தானும் தப்பு செய்யக்கூடும் என்ற நினைப்பே வராது. எனக்கும் வரவில்லை. அதனால்தான் கல்யாணமாகி நாலாவது மாதம் மாமியாருக்கு ஒரு விறகடுப்பு வாங்கிக் கொடுத்தேன்.

("விறகடுப்பா? ஏன்டி, நீ அங்க வாழணும்னு நெனப்பு இருக்கா இல்லையா?" இது என்னைப் பெற்ற அம்மா.)

என் வீட்டுக்காரர் சேகரும் நானும் மம்பாவில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தோம். அத்தை, அதாவது சேகரின் அம்மா, கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் தனியாக இருந்தார். முப்பது வருடம் மரம் சீவிப் பாலெடுக்கும் பால்வெட்டு வேலை பார்த்து ஓய்ந்தவர். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால், "ஒங்க ஊட்டுல மூச்சு முட்டும்" என்பார். உண்மையில் அவருக்கு மூச்சு முட்டியது அவருடைய சொந்த அடுப்பங்கரையில்தான். மூன்று வேளையும் விறகு. கூரைத் தகரமெல்லாம் கரி. இரண்டு வார்த்தை பேசினால் மூன்று முறை இருமுவார். புகையை நிறுத்தாவிட்டால் நுரையீரல் தாங்காது, அப்புறம் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. சேகர் வாங்கிக் கொடுத்தது. அத்தை அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து டிவி ரிமோட்டை வைத்திருந்தார். "கேஸுல ஆக்குனா கறியா அது? ஆஸ்பத்திரி சாப்பாடு லா" என்பது அவருடைய தீர்ப்பு.

சேகரின் அண்ணி சரசு அக்கா, மூத்த மருமகள், பத்து வருடம் கெஞ்சிப் பார்த்துக் கை கழுவியவர். "அவங்கள மாத்த முடியாது மாலதி. நான் பாத்தாச்சி" என்றார் என்னிடம். அந்த ஒரு பேச்சுதான் என்னை உசுப்பிவிட்டது. அத்தையின் நுரையீரல் மேல் எனக்கு அக்கறை இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் மூத்த மருமகளால் முடியாததை இளைய மருமகள் முடித்துக் காட்டினாள் என்று நாலு பேர் பேச வேண்டும் என்ற ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

என் திட்டம் சுலபமானது. விறகை விட மாட்டாரா? சரி, புகையை மட்டும் விடட்டும். ஒரு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். புகை என்பது எரியாமல் தப்பித்து ஓடும் விறகுதானாம். கீழே நல்ல காற்று, உள்ளே சூட்டை வெளியே விடாத செங்கல் சுவர், மேலே நெட்டையான தொண்டை, இந்த மூன்றும் இருந்தால் புகையும் சேர்ந்தே எரிந்துவிடும். உடனே கணினியில் அட்டவணை போட்டேன். பதினோரு அடுப்புகள், பதினான்கு கேள்விகள். எடை, உயரம், துருப்பிடிக்குமா, சாம்பலை எப்படி எடுப்பது, எத்தனை துண்டு விறகுக்கு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும்.

"அடுப்புக்கு இன்டர்வியூ வைக்கிறியா?" என்றார் சேகர். நியாயமான கேள்விதான். பெண் பார்க்க வந்தபோது நான் அவரைக்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை.

தேறியது உள்ளே செங்கல் பதித்த ஒரு இரும்பு அடுப்பு. தலைப்பகுதி புனல் மாதிரி உள்நோக்கிச் சரிந்து தொண்டையில் போய் முடியும். பானையைச் சுற்றி நிற்க ஒரு வட்டத் தகடும் உண்டு, சூடு வீணாகாமல் இருக்க. பானையை உள்ளே இறக்கினால் கழுத்து மட்டும்தான் வெளியே தெரியும்.

அடுத்தது விறகு. மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் கட்டையை விரல் தடிமனுக்குப் பிளந்து அத்தை வீட்டுக் கூரையடியில் காய வைத்தோம். காய்ந்ததா என்று பார்க்க, ஆபீசில் சொல்லிவிட்டு ஈரம் அளக்கும் கருவியை எடுத்துப் போனேன். அதற்கு இரண்டு ஊசி முனை இருக்கும். ஒவ்வொரு கட்டையாகக் குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மா வேலி ஓரம் வந்து நின்றார். "என்னாம்மா, கட்டைக்கு ஊசி போடுறியா? காச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து தடவை தண்ணீர் கொதிக்க வைத்துச் சோதித்தேன். ஐந்து தடவையும் பொட்டுப் புகை இல்லை. ஒவ்வொரு தடவையும் சாம்பலை வாரினேன், தொண்டையைச் சுரண்டினேன். தினம் செய்ய வேண்டியது, வாரம் செய்ய வேண்டியது, மாதம் செய்ய வேண்டியது என்று ஒரு பராமரிப்பு அட்டவணை அச்சடித்து அத்தையின் சுவரில் ஒட்டினேன். (செருப்பால் அடித்திருக்க வேண்டும் என்னை. அத்தை பொறுமைசாலி.)

அத்தை அட்டவணையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இந்தா மாலதி, பேச்சுன்னா பேச்சு. பொங்கல் அன்னிக்கு இதுல பொங்க வைப்போம். நல்லா பொங்கிச்சின்னா என் பழைய அடுப்ப இடிச்சிடுறேன். பொங்கலன்னா இத நீயே தூக்கிட்டுப் போயிடணும். அப்பறம் பொகைய பத்தி எவளும் எங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்க அத்தை" என்றேன். எனக்கு உள்ளூர ஒரே குஷி. தண்ணீர் கொதிக்கிற அடுப்பில் பால் பொங்காமல் எங்கே போகும்?

பொங்கல் காலை. வாசலில் கோலம், கரும்பு, புதுச்சேலை. சரசு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். எனக்கு இது தலைப்பொங்கல் வேறு. புது மருமகளையும் புது அடுப்பையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று பாதி லயம் எங்கள் வாசலில் கூடிவிட்டது. மஞ்சள் கொத்து கட்டிய பானையை இறக்கி வைத்தேன், விறகைச் சொருகினேன், தீ மூட்டினேன். குப்பென்று பிடித்தது. புகையே இல்லை. அத்தை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். இருமவில்லை!

"பரவால்லயே" என்றார்.

சரசு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிடம் யாராவது என்னிடம் நாற்காலி கேட்டிருந்தால் சிம்மாசனத்தையே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பால் நுரை கட்டி ஏறியது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். விளிம்புக்கு வந்தது, தாண்டியது.

"பொங்கலோ பொங்..."

'கல்' வரவில்லை. பொங்கிய பால் பானைக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் நேராகக் கீழே இறங்கியது. புனல் மாதிரித் தலை என்று சொன்னேன் அல்லவா? புனல் தன் வேலையைச் செய்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அத்தனை பாலையும் தொண்டை வழியாக நெருப்பின் வாயில் ஊற்றியது. சொய்ங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தீ அணைந்துவிட்டது.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. பால் கிழக்கே வழிந்தால் அந்த வருடம் அமோகம் என்பதால் வழக்கம்போல ஆவலாகக் கேட்டார்:

"எந்தப் பக்கம் வழிஞ்சிச்சி?"

சேகர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "உள்ள" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விறகு சொருகும் ஓட்டையிலிருந்து சாம்பலும் பாலும் கலந்த சாம்பல் நிற நுரை கொப்பளித்து, அணைந்த கொள்ளிகளைத் தள்ளிக்கொண்டு, சரசு அக்கா விடியற்காலையில் குனிந்து நிமிர்ந்து போட்ட கோலத்தின் மேல் ஊர்ந்தது. பொங்கல் பானை பொங்கவில்லை, அடுப்பு பொங்கியது. அதன் பின்னால் வந்தது புகை. அலாமாக், அது புகையா! பத்து வருடப் புகையை அந்த அடுப்பு சேர்த்து வைத்திருந்தது போல் கக்கியது.

அத்தை இரும ஆரம்பித்தார். நிற்கவில்லை. சிமெண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார், முகம் கறுத்துப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே ஓடி, டாக்டர் கொடுத்திருந்த மூச்சுப் பம்பைத் தேடி எடுத்து வந்து, புதுச்சேலையோடு அந்தச் சாம்பல் சேற்றில் மண்டியிட்டு அவர் வாயில் வைத்தேன். அவசரத்தில் முதல் அடி அவர் மூக்குத்திக்குப் போனது. "அத்தை, அத்தை" என்று அழுதேனே தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. நாலு பேர் பாராட்டு, மூத்த மருமகள், எல்லாம் எங்கோ பறந்துவிட்டன. இந்த மனுஷி மூச்சு விட்டால் போதும் சாமி என்று கும்பிட்டேன்.

விட்டார். விட்ட முதல் மூச்சில், "பானைய எறக்குங்கடி, அரிசி ஊறிப் போவுது" என்றார்.

என் தலைப்பொங்கல், டிவி ரிமோட்டை நகர்த்திவிட்டு, கேஸ் அடுப்பில் வெந்தது. சாம்பல் வாடையோடு எல்லாரும் சாப்பிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றார் சரசு அக்கா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அடுப்பைக் கண்டுபிடித்தவன் ஊரில் பால் பொங்கி வழிவது ஒரு விபத்து. நமக்கோ அதுதான் விசேஷமே. பதினான்கு கேள்வி கேட்ட நான், பொங்கல் வைக்கப் போகும் அடுப்பில் பொங்க விட்டுப் பார்க்கவில்லை.

"பேச்சு பேச்சுதான்" என்றார் அத்தை, நாங்கள் கிளம்பும்போது. "என் அடுப்பு எனக்கு." புது அடுப்பைக் காரில் ஏற்றப் போனோம், அது இன்னும் தொட முடியாமல் சுட்டது. தொண்டையில் பாலும் சாம்பலும் கருகி அடைத்திருந்தது. பிறகு எடுக்கிறோம் என்று கோழிக்கூண்டுப் பக்கம் தள்ளிவிட்டு, புக்கிட் தங்கா மலைப்பாதை வளைவுகள் முழுக்க அழுதுகொண்டே வீடு வந்தேன்.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. நாலாவது சனிக்கிழமை சேகர், "அம்மா போன எடுக்கல, வா" என்று இழுத்துப் போனார். மத்தியானம் பன்னிரண்டு மணி. லயத்து வீட்டுக் கூரையில் புகை இல்லை. சமைக்கிற நேரத்தில் புகை இல்லை என்றால் என்ன அர்த்தம்? செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே என் அடுப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் கையும் களவுமாக மாட்டிய முகம். "கோழிக்கூண்டு பக்கம் கெடந்தா உள்ள எலி குடி வருது லா. அதான் சும்மா மூட்டி வச்சேன்" என்றார்.

சும்மா மூட்டிய அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பானையின் கழுத்தில் பிஸ்கட் டின் தகரத்தை வெட்டிக் குடை மாதிரி கட்டியிருந்தார். மழைத் தண்ணீர் பால் கோப்பையில் விழாமல் ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டுவார்களே, அச்சு அசல் அது. கழுத்து இடுக்கில் மாவு பிசைந்து அடைத்திருந்தது. குடை ஒரு பக்கமாகச் சரிந்து, சரிவின் முனையில் பால்வெட்டு மரத்தில் அடிக்கும் சிறு தகர மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே பால் கோப்பை. சோற்றுக் கஞ்சி பொங்கி, குடையில் விழுந்து, மூக்கில் ஒழுகி, கோப்பையில் சொட்டியது. நெருப்பின் பக்கம் ஒரு துளிகூடப் போகவில்லை.

"தொண்டைய சுத்தம் பண்ணவே ரெண்டு நாளு ஆச்சி. பால்வெட்டுக் கத்தியால சொரண்டுனேன்" என்றார் அத்தை. பிறகு கோபம் வந்துவிட்டது. "ஏன்டி, ஒரு மாசம் படிச்சியே, பால் ஓடுனா எங்க போவும்னு பாத்தியா? இத பாக்காம ஒரு நாளு மரத்துல கத்திய வச்சிருந்தா, வேலைய மேய்க்கிற மண்டோரு என்னைய வெரட்டி அடிச்சிருப்பான்."

இத்தனையும் பேசி முடிக்கும் வரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. சேகர் அதைக் கவனித்து என் தோளை இடித்தார். நான் சிரிக்கவும் அழவும் ஒன்றாகத் தொடங்கி விக்கல் எடுத்துக்கொண்டேன்.

மறு வருடப் பொங்கலுக்கு அத்தை தகர மூக்கைக் கிழக்கே திருப்பி வைத்தார். பால் மறுபேச்சில்லாமல் கிழக்கே வழிந்தது. "இது ஏமாத்து வேலை இல்லீங்களா அத்தை?" என்று கேட்டேன். "சூரியனுக்குத்தானே ஊத்துறோம்? போற வழிய காட்டுனா என்னா தப்பு?" என்றார். இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வாசலில் ஆறேழு பானைகள் வரிசையில் நிற்கின்றன. தோட்டத்தில் எல்லாருக்கும் கிழக்குதான் வேண்டியிருக்கிறது.

எனக்கு மட்டும் விமோசனம் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாலும் சரி, மகளுக்குப் பள்ளிப்பை வாங்கினாலும் சரி, கடைக்காரர் முன்னாலேயே சேகர் கேட்பார்: "மாலதி, பால் எங்க போவும்?" உடனே மகள், "உள்ள!" என்று கத்துவாள். நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

வரிசையில் நிற்கும் புதியவர்கள் யாராவது, "நல்ல அடுப்பா இருக்கே, யாரு குடுத்தா?" என்று கேட்டால், அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாரு குடுக்கறது? நானே செஞ்சது" என்கிறார். பிறகு எப்படிச் செய்தார் என்று முதலிலிருந்து கடைசி வரை, கால்மணி நேரத்துக்குக் குறையாமல், ஒரே மூச்சில் சொல்கிறார். நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த மூச்சு போதும்.