சம்பந்தி வீட்டில் ஒரே ஒரு இட்லி

அன்புள்ள மாப்பிள்ளை இளவழகனுக்கு,

மாமனார் சுப்பிரமணி எழுதுவது. ஜமுனாமரத்தூரில் நானும் உங்கள் அத்தையும் நலம். வேலூரில் நீங்களும் வெண்ணிலாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. எனக்கு நலம் இல்லை. போனில் பேசலாமென்றால் உங்கள் அத்தை பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால் கடையில் சீயக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். போன முறை வந்தபோது நீங்கள் என் போனில், சாப்பிட்டதை எழுதினால் கணக்குச் சொல்லும் ஒரு ஆப்பைப் போட்டு, ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி, தாண்டக் கூடாது என்றீர்கள். தாண்டக் கூடாது என்றீர்களே தவிர, ரொம்பவும் கீழே போகக் கூடாது என்று சொல்லவில்லை. குறைத்துச் சாப்பிட்டால் பச்சை வெளிச்சம் காட்டியது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை. அந்தப் பச்சைக்கு ஆசைப்பட்டு ஆயிரமாக்கி, அப்புறம் எழுநூறாக்கினேன். காலையில் ஓர் இட்லி, மதியம் ஒரு கரண்டி சாமைச் சோறு, ராத்திரி மோர். ஆனால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. விடியுமுன் கடையைத் திறக்கிறேன், வெல்ல மூட்டையை வாசனை வராத மூலைக்கு மாற்றுகிறேன், மறுபடி அங்கேயே போய் நிற்கிறேன். சர்க்கரை கேட்டு வந்த அம்மாவிடம் "எதுக்கு?" என்று அதட்டிவிட்டேன். அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் உங்கள் மைத்துனன் மோகனுக்குப் பெண் முடிவு செய்ய அமிர்திக்குப் போனோம். பெண் சிவசங்கரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருவருக்கும் பிடித்துவிட்டது, நாங்கள் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், அவ்வளவுதான் பாக்கி. இலை போட்டார்கள். சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, வடை, பாயசம். நான் போனை எடுத்து வடையைத் தேடிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "எனக்கு ஒரே ஒரு இட்லி போதுங்க" என்றேன். மதிய நேரத்தில் இட்லிக்கு எங்கே போவார்கள்? பெண்ணின் அப்பா தசரதன் கரண்டியை வாளியில் போட்டார்.

"ஏங்க, எங்க வூட்ல கை நனைக்க மனசு வரலீங்களா? பொண்ணு வாணாம்னா நேரா சொல்லிடுங்க."

மோகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கள் அத்தை தொடையில் கிள்ளினாள். "அய்யோ, அது இல்லீங்க, கலோரி..." என்று விளக்க எழுந்தேன் பாருங்கள், கண் இருட்டிக்கொண்டு வந்து சாம்பார் வாளியோடு சாய்ந்துவிட்டேன்.

கண் திறந்தால் சிவசங்கரி என் நாடி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"ஒரு இட்லி."

"நேத்து?"

போனைக் காட்டினேன். பார்த்தாள். "இன்னா மாமா இது, சின்னப் புள்ளைக்கே பத்தாதே! எழுந்திருக்காதீங்க, இதைக் குடிங்க" என்று பாயசத்தை வாயருகே பிடித்தாள்.

மாமா என்றாளே, அது எல்லார் காதிலும் விழுந்தது. மோகனுக்கு உயிர் வந்தது. தசரதன் சிரித்துவிட்டு மிச்சமிருந்த சாம்பாரைத் தன் கையாலேயே ஊற்றினார். நான் சாப்பிட்டேன் மாப்பிள்ளை, வடை தீர்ந்து அப்பளத்துக்கு வரும்வரை சாப்பிட்டேன். தை மாதம் கல்யாணம். மலை ஏறும் பஸ்ஸில் உங்கள் அத்தை திட்டுவாள் என்று பார்த்தால், என் கையை விடவே இல்லை. "நீங்க வுழுந்தப்ப எனக்கு உசுரே போய்டுச்சு" என்றாள்.

ஆகவே அடுத்த வாரம் வரும்போது முதல் வேலையாக அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். எனக்கு எடுக்கத் தெரியவில்லை; தெரியாமல் எதையோ அழுத்தி மோகனின் பழைய போட்டோக்கள் போய்விட்டன.

வெண்ணிலாவுக்கு என் ஆசிகள். இருவரும் வயிறார உண்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சுப்பிரமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சிவசங்கரி போன் செய்தாள். இனிமேல் வேளாவேளைக்கு என் தட்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டுமாம். குறைந்தாலும் கேட்பாளாம், கூடினாலும் கேட்பாளாம். மாப்பிள்ளை, ஆப்பை எடுக்க வேண்டாம். அதுவாவது நான் எழுதுவதை அப்படியே நம்புகிறது.