கேப்பு சாரும் நான்கு கிணறுகளும்

உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒட்டி நிற்கக் கூடாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கேப்பு சார்தான். எதற்கும் நடுவே ‘கேப்’ விடுவதால் அலுவலகம் வைத்த பட்டப்பேர் அது. மலையாள எல்லையில், சித்தூர் பக்கம் ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. பக்கத்து என்றால், நடுவே ஓர் ஆள் படுத்து உருளலாம். டிபன் டப்பாவில் சோற்றுக்கும் பொரியலுக்கும் நடுவே வாழையிலையில் மதில் கட்டியிருப்பார்.

கிணற்று நீர்மட்டத்தைக் கணினியில் வரைபடமாகப் போடுவது அவர் வேலை. அதைப் பார்த்து ‘பிரமாதம்’ என்பது என் வேலை. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் கோடையில் வடகரப்பதி விவசாயிகள் வாய்க்காலில் தண்ணீர் கேட்டார்கள். விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மதியம் கூட்டம். நான்கு கிணறுகளின் படமும் ஒரே தாளில் வேண்டும் என்றார் மேலதிகாரி. எல்லைப் பஞ்சாயத்தாயிற்றே, ஒவ்வொரு படத்துக்கும் மலையாளத்தில் ஒரு தலைப்பு, தமிழில் ஒரு தலைப்பு. கீழ்ப்படத்தின் தலைப்பு மேல்படத்து மாதங்களின் மேல் ஏறி உட்கார்ந்தது. தண்ணீரே இல்லாத ஏப்ரல் காணாமல் போயிற்று. அலுவலகத்துக்கு அதுவும் வசதிதான்.

கேப்பு சார் படங்களுக்கு நடுவே இடைவெளியை 0.3 என்று அடித்தார். “மூச்சு முட்டுதுங்க.” 0.5. “இன்னும் தோள்ல கை போட்டுட்டு நிக்குதுங்க.” மேலே கீழே சரியானால் பக்கவாட்டில் முட்டிக்கொண்டன.

“தானாச் சரி பண்ற கட்டளை இருக்குதாமே?” என்றேன், விவரம் தெரிந்தவன் தோரணையில்.

“அது பஸ் கண்டக்டர் மாதிரிங்க. எல்லாத்தையும் நெருக்கி உள்ள தள்ளும்.”

“அப்பத் தமிழ்த் தலைப்பை எடுத்துருங்க. எடம் கெடைக்கும்.”

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “கெணறு அவங்களுதுங்க. நாம படிச்சாப் போதுங்களா?”

அவர் 0.9 வரை போனார். இடைவெளி ஏற ஏறப் படம் சுருங்கும் என்பது, திரையில் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு உறைக்கவில்லை. அச்சடித்த தாளில் இடைவெளி விசாலமாக இருந்தது. வரைபடங்கள் தபால்தலை அளவில் கிடந்தன. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. கூட்டத்துக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று.

மேலதிகாரி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“பேரெல்லாம் நல்லாப் படிக்க வருதுங்க,” என்றார் முன்வரிசைத் தலைப்பாகைக்காரர். “படம் எங்கீங்க?”

“அந்த எறும்புதானுங்க,” என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் மேலதிகாரி தாளைக் கீழே வைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “ஆ மூணாவது கிணறு யாருடேது? நீங்களே பறயுங்க.”

அந்த அம்மாவே எழுந்தார். “எங்களுதுங்க. கொடத்தை எறக்குனா அடியில கல்லுல மோதுதுங்க.”

மற்ற மூன்று கிணறுகளும் பேசின. இதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் அவர்களை யாரும் கேட்டதில்லை. சாயங்காலமே தண்ணீர் விட உத்தரவாயிற்று.

எல்லோரும் கைகொடுக்க வந்தால் கேப்பு சார் புலம்பிக்கொண்டிருந்தார். “0.6 வெச்சிருந்தாச் சரியா இருந்திருக்குமுங்க.”

போன மாதம் அவர் ஏலப்பாறைக்கு மாற்றலாகிப் போனார். காலி மேசையை என் மேசையோடு சேர்த்துப் போட்டுவிடலாமா என்று பியூன் கேட்டார்.

வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.