கும்பிடு போடும் இலை

ஊரே அந்த மாடிப்படியில் நின்றது. மேசை நாற்காலி விற்கும் கடைக்கு மேல்மாடி. காரில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள், ஸ்கேன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே இலை அய்யா இருக்கிறார். அவரிடம் ஓர் இலை இருக்கிறது. விரல் நீளம், ஆரஞ்சு நிறம், தாளைவிட மெல்லியது. நோயாளி கையை நீட்டினால் அய்யா அதற்கு மேல் தம் கையை விரிப்பார். எதிரே மேசையில் நிமிர்ந்து நிற்கும் இலை குனிந்து கும்பிட்டால் நோய் அடங்கிவிட்டதாம். மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். குனியாவிட்டால் மறுபடி மறுபடி காணிக்கையோடு வர வேண்டும். எப்படி விழுந்தாலும் அய்யாவுக்கு நஷ்டமில்லை.

ஆராய்ச்சிக்காரி அந்த வரிசையில் நின்றது அண்ணனுக்காக. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அண்ணன் பாலம் கட்டும் பொறியாளர். ஒரு திருகாணியை மாற்றினாலும் கணக்குக் கேட்டு ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அவர் தொண்டையில் கட்டி. தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். போன வாரம் இலை குனிந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். பாலத்துக்குக் கணக்கு, தொண்டைக்கு இலை.

“இன்னொரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுண்ணா. நானும் கூட வரேன்” என்று கெஞ்சித்தான் அவரைக் கிளப்பியிருந்தாள்.

“கிண்டல் பண்ணாம வரணும்.”

“வாயே திறக்க மாட்டேன்.”

“அப்படி ஒரு அதிசயம் நடந்தா அதுக்கே அய்யாவைக் கும்பிடலாம்” என்றாள் அண்ணி.

உள்ளே அரை இருட்டு. அய்யாவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குடுவை விற்க வந்துகொண்டிருந்த ஆள்தான் பட்டு அங்கிக்குள் உட்கார்ந்திருந்தது. தாடி மட்டும் புதிது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வாங்குபவர் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார், கையெழுத்தைத்தானே பார்ப்பார்.

இலையையும் அவளுக்குத் தெரியும். அது எந்த மரத்திலும் துளிர்த்ததில்லை. அசோபென்சீன் என்ற மூலக்கூறைத் திரவப் படிகத்தோடு கோத்து வார்த்த பிளாஸ்டிக் நாடா. புற ஊதா ஒளி பட்டால் அந்த மூலக்கூறு நீட்டிய காலை மடக்கிக்கொள்ளும். ஒளி பட்ட பக்கம் சுருங்கும். நாடா அந்தப் பக்கமே வளையும். சாதாரண விளக்கைப் போட்டால் நிமிர்ந்துவிடும். இதைப் பற்றி அவள் மாநாட்டில் பேசியபோது ஆறு பேர் வந்தார்கள்; அதில் பாதிப் பேர் ஏசிக்காக. இங்கே படி கொள்ளாத கூட்டம்.

அண்ணன் கையை நீட்டினார். அய்யாவின் விரலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மோதிரம். அந்தக் கை விரிந்ததும் அண்ணனின் வெள்ளைச் சட்டை நுனி நீலமாக மின்னியது.

“ஒளி இறங்கிடுச்சு” என்று பின்னால் யாரோ விசும்பினார்கள்.

இலை குனிந்தது. சீடன் பெரிய விளக்கைப் போட்டான். இலை நிமிர்ந்தது.

“பாத்தியா?” என்றாள் அண்ணி.

“பாத்தேன் அண்ணி. விளக்கை அணைக்கச் சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு கேக்கணும்.”

மறுபடி இருட்டானது. கதவோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்துவந்து இலைக்கு முன்னால் நீட்டினாள். மறு கையில், கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னப் புற ஊதா டார்ச். அண்ணன் சொன்ன விவரத்தைக் கேட்டபோதே சந்தேகப்பட்டு, கைப்பையில் போட்டு வந்திருந்தாள். துடைப்பத்தோடு சேர்த்துப் பிடித்து அழுத்தினாள்.

இலை, துடைப்பத்துக்கு முன்னால் பயபக்தியோடு குனிந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“இது சோதனை. ஆணவக்காரங்களை இலை இப்படித்தான் சோதிக்கும்” என்றார் அய்யா.

அப்போது அண்ணன் எழுந்தார். திருகாணிக்குக் கணக்குக் கேட்கும் முகம் திரும்பியிருந்தது.

“அய்யா, அந்த மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு இன்னொரு தடவை காட்டுங்க.”

“குரு போட்டுவிட்டது. கழட்டக் கூடாது.”

“குருவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். கழட்டுங்க.”

முன்வரிசையில் இருந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் மோதிரம் மேசைக்கு வந்தது. வெறும் கை விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. இலை, சம்பள உயர்வு கேட்ட ஆளைப் பார்க்கும் முதலாளி மாதிரி விறைத்து நின்றது. அண்ணன் மோதிரத்தைத் தூக்கிக் கல்லை நெம்பினார். உள்ளே பொத்தான் பேட்டரியும் பொட்டு அளவு விளக்கும்.

எல்லோரும் அதைப் பார்த்து முடிப்பதற்குள் அய்யா பின்படி வழியாக இறங்கிவிட்டார். பட்டு அங்கி மட்டும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தார். “டாக்டர் இருக்காரா? பழைய தேதியே கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா” என்றபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று சொல்லலாம். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் அவளிடம் வந்து, பணிவாகக் குனிந்தார்.

“அம்மா, அந்த டார்ச்சை என் முழங்காலுக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்.”

அவருக்குப் பின்னால் அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரி டார்ச்சைப் பைக்குள் போட்டாள்.

“வெளிச்சம் பட்டா வளையறது அந்தப் பிளாஸ்டிக்கோட குணம், பெரியவரே. அதுக்கு மூளை இல்ல. நமக்கு என்ன கேடு?”