டிராக்டருக்குப் போர்வை போர்த்தினோம்

காய்கறி ஏத்தின டிராக்டரோட கூடப் போய் வடலூர்ல சேர்க்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

மொத்தம் ஏழு மைல். ரோடும் நேரா இருக்கும்.

எழுபதுகளோட கடைசி. நான் நெய்வேலி மைன்ஸ்ல நிலக்கரி ஓடுற பெல்ட் செக்‌ஷன். அப்பதான் பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைச்சு, நடையே கொஞ்சம் மாறியிருந்த நேரம்.

எங்க செக்‌ஷன்ல கான்ட்ராக்டுல வேலை பார்த்த கலியமூர்த்திக்கு, குள்ளஞ்சாவடி பக்கத்துல ஒரு கிராமம். அவங்கப்பா பொன்னுசாமிக்கு ஒரு வேண்டுதல். தைப்பூசத்தன்னிக்குக் காலையில ஆறரைக்கு வடலூர் வள்ளலார் சபையில காட்டுற முதல் ஜோதியைப் பார்க்கணும். மூணு வருஷமா அங்க அன்னதானத்துக்கு மாட்டு வண்டியில காய்கறி ஏத்திக்கிட்டுப் போறார். மூணு வருஷமும் முதல் ஜோதி முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தார். அதுக்காகவே அந்த வருஷம் ஒரு பழைய டிராக்டரை வாங்கிட்டார்னா பார்த்துக்கோங்க!

கலியமூர்த்தி என்கிட்ட வந்தான்.

"சார், பனியில டிராக்டர் மக்கர் பண்ணுமோன்னு அப்பா பயந்துகினு இருக்காரு. நீங்க மைன்ஸ் மிஷினெல்லாம் பாக்கறவரு. மொத நாளே எங்க வூட்டுக்கு வந்து ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

இங்கதான் நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். எங்க மிஷின் எல்லாம் கரண்டுல ஓடுறது. டீசல் இஞ்சினை நான் பஸ்ல டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததோட சரி.

சொன்னேனா? "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு!"ன்னேன்.

என் தைரியத்துக்குக் காரணம் ஒரு தடி புஸ்தகம். ஏதோ வெளிநாட்டு மிஷினோட வந்து எங்க செக்‌ஷன் அலமாரியில கிடந்துச்சு. பொழுது போகாம ஒரு நாள் புரட்டினேன். குளிர்ல டீசல்ல மெழுகு கட்டும், ஃபில்டரை அடைக்கும், சூடு காட்டணும், டேங்குல ஈரம் இறங்க விடக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. பக்கத்துலயே ஒரு படம். அதுல மிஷின் இடுப்பளவு பனிக்கட்டிக்குள்ள நின்னுக்கிட்டிருந்துச்சு. அந்தப் படத்தை நான் பெருசா எடுத்துக்கலை.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நெய்வேலி தைப்பனிக்கே ஸ்வெட்டர், மப்ளர், குரங்கு குல்லா மூணும் மாட்டுற ஆளு நான்.

முந்தின நாள் சாயங்காலம் போனேன். கலியமூர்த்தி கொல்லையில பூசணிக்காய் ஏத்திக்கிட்டிருந்தான். நானும் பொன்னுசாமியும் டிராக்டரைச் சுத்திச் சுத்தி வந்தோம். ஏதாவது கண்டுபிடிக்காட்டி மரியாதை இல்லையே! டீசல் டேங்க் மூடியைப் பார்த்தேன். அதோட உச்சியில ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை.

"இதோ பாருங்க! இந்த ஓட்டை வழியாத்தான் பனித் தண்ணி உள்ள இறங்கும்."

பொன்னுசாமி ஆடிப்போயிட்டார். "ஓட்ட மூடியப் போட்டு ஏமாத்திப்புட்டானே, பாவி!"

துவைக்கிற கல்லு மேல மஞ்சள் பார் சோப் கிடந்துச்சு. ஒரு துண்டு கிள்ளி, ஓட்டையில வெச்சு, கட்டை விரலால நல்லா அமுக்கினேன்.

"படிச்சவரு படிச்சவருதான்யா!"ன்னார் பொன்னுசாமி. அன்னிக்கு ராத்திரி எனக்கு ரெண்டு முட்டை தோசை... இல்லை இல்லை, பூச நாள் சமயம், சுத்த சைவம். நெய் தோசை. நாலு தின்னேன்.

விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பினோம். ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சு! பொன்னுசாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் ஒண்ணும் பெருசா இல்லைங்கற மாதிரி தலையை ஆட்டினேன்.

கொஞ்ச தூரத்துல, தலையில மூட்டையோட வடலூருக்கு நடந்து போற பொம்பளைங்க கூட்டம். முன்னாடி போன அஞ்சலையம்மா பொன்னுசாமிக்குப் பக்கத்துத் தெரு.

"அஞ்சல, மெதுவா வா! நான் முன்னாடி போயி உனக்கும் எடம் புடிச்சி வெக்கிறேன்!"னு டிரெய்லர்ல இருந்து கை ஆட்டிக் கத்தினார். எழுபது வயசுல அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த அஞ்சாவது நிமிஷம் டிராக்டர் ரெண்டு தடவை இருமிச்சு. நின்னுடுச்சு.

"டீசல் வரல சார்"ன்னான் கலியமூர்த்தி.

"தெரியும். மெழுகு கட்டியிருக்கு."

டார்ச் அடிச்சுப் பார்க்கலாம்னு டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம்.

"இன்னா சார் சத்தம்?"

"குளிர்ல டீசல் சுருங்கிடுச்சு. அதான்."

எங்கிருந்துதான் எனக்கு இதெல்லாம் வருமோ தெரியலை! ஃபிளாஸ்க்குல இருந்த சுடச்சுட டீயை ஃபில்டர் மேல ஊத்தச் சொன்னேன். மூணு பேருக்கு வெச்சிருந்த டீ. கலியமூர்த்தி ஸ்குரூவைத் தளர்த்தி, பம்பை அமுக்கி, பைப்புல சிக்கின காத்தை வெளியேத்தி ஏர் எடுத்தான். சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் ஆயிடுச்சு!

"பார்த்தியா?"ன்னேன். பனி இறங்கிடக்கூடாதேன்னு மூடியை நானே இறுக்கமாத் திருகினேன்.

அதுக்குள்ள பொம்பளைங்க எங்களைத் தாண்டிப் போயிருந்தாங்க. நாங்க மறுபடி அவங்களைத் தாண்டினோம். பொன்னுசாமி மறுபடி கை ஆட்டினார்.

பத்து நிமிஷம். இருமல். நின்னுடுச்சு.

மூடியைத் திறந்தேன். 'புஸ்ஸ்'. இந்தத் தடவை டீ இல்லை. என் மப்ளரை அவிழ்த்து ஃபில்டரைச் சுத்திக் கட்டினேன். ஏர் எடுத்தோம். ஸ்டார்ட்! மூடியைத் திருகினேன். பல்லெல்லாம் தந்தி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, ஆனாலும் பெருமையா இருந்துச்சு.

பொம்பளைங்க தாண்டினாங்க. நாங்க தாண்டினோம். பொன்னுசாமி இப்போ கை ஆட்டலை.

மறுபடியும் நின்னுச்சு. "அய்யா, உங்க போர்வையைக் கொஞ்சம் தாங்க"ன்னேன்.

அவர் உருவிக் கொடுத்துட்டார். டேங்குல இருந்து பைப் வரைக்கும் போர்த்தினேன். அந்தக் குளிர்ல நாங்க மூணு பேரும் வெடவெடன்னு நடுங்க, டிராக்டர் மட்டும் கதகதப்பா நின்னுச்சு.

கிழக்க லேசா வெளுக்க ஆரம்பிச்சுது. பொன்னுசாமி வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இந்த வருசமும் எனக்குக் குடுத்து வெக்கல போல"ன்னார். குரல் உடைஞ்சிடுச்சு.

அப்பதான் அஞ்சலையம்மா வந்து சேர்ந்தாங்க. மூட்டையை இறக்காம நின்னு பார்த்தாங்க.

"இன்னா சாரு, மூணு தபா பாத்துட்டேன். மூடியத் தொறந்தா ஓடுது. மூடினா நிக்குது. தொறந்தே வெச்சிக்கினு போயேன்!"

"அம்மா, இது டீசல் இஞ்சின். உங்களுக்குப் புரியாது. பனி இறங்கிடும்"ன்னேன்.

"புரியாத எனக்கு நடந்தே விடிஞ்சிபோச்சி. புரிஞ்ச ஒனக்கு இன்னும் விடியவே இல்லியே!"

பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு வடலூர் வரைக்கும் கேட்டிருக்கும். பொன்னுசாமி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிட்டார்.

"கலியா, நான் இவங்களோட நடக்கறேன். நீயும் சாரும் டிராக்டர நல்லா போத்திக்கினு வாங்க."

கலியமூர்த்தி என்னைக் கேட்கவே இல்லை. மூடியைக் கழட்டி என் கையில கொடுத்தான். டேங்க் வாய்ல ஒரு துணியைச் சும்மா மேலாக்கப் போட்டான். ஏர் எடுத்தான். ஸ்டார்ட் பண்ணினான்.

ஓடிச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு. இருமல் இல்லை, தும்மல் இல்லை.

வெளிச்சம் நல்லா வந்தப்ப கையில இருந்த மூடியைப் பார்த்தேன். ஓட்டையில மஞ்சள் சோப்பு. அது மேல என் கட்டை விரல் ரேகை அச்சு அசலா இருந்துச்சு. டீசல் வெளிய போகப் போக உள்ள காத்து வர அந்த ஒரு ஓட்டைதான் வழி. காத்து வராட்டி டீசல் இறங்காது. அதை அடைச்ச மகராசன் நான்தான்!

மெதுவா நகத்தால சுரண்ட ஆரம்பிச்சேன். கலியமூர்த்தி திரும்பிட்டான்.

"அது இன்னா சார்?"

"ஒண்ணுமில்லை. பனி உறைஞ்சிருக்கு."

மூடியை வாங்கி மோந்து பார்த்தான்.

"பனி எங்கம்மா சோப்பு வாசனை அடிக்குது சார்."

மூடியை என்கிட்டத் திருப்பித் தராம அவனே இடுப்புல சொருகிக்கிட்டான்.

வடலூருக்கு ஒரு மைல் இருக்கும்போது நடக்கறவங்களைப் பிடிச்சோம். "அப்பா, சரியாயிடுச்சு! ஏறு!"ன்னான் கலியமூர்த்தி. பொன்னுசாமி நடையை நிறுத்தவே இல்லை.

"மொத ஜோதிய பாக்கறேன்னுதான்டா வேண்டிக்கினேன். இன்னொரு தபா அதுல ஏறறேன்னு வேண்டிக்கல!"

வெறுங்காலோட, போர்வை இல்லாம, அஞ்சலையம்மா கூட்டத்தோட அவர் ஓட்டமும் நடையுமாப் போனார். பின்னாடியே நாங்க ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து போனோம். கூட்டத்துல டிராக்டர் உள்ள போக முடியலை. காய்கறியை இறக்கிக் கொடுக்க கலியமூர்த்தி போயிட்டான். நான் வெளியில டேங்குக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். ஜோதி நேரத்துல உள்ள எழும்பின சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ஏழு மணிக்குப் பொன்னுசாமி வந்தார். நெத்தி நிறைய விபூதி, கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு.

"பாத்துட்டேன் சார்! மொத ஜோதி! கண்ணார பாத்துட்டேன்!"

திட்டவே இல்லை அந்த மனுஷன். என் நெத்தியிலயும் விபூதி பூசினார். அப்புறம் போர்வையை எடுத்துப் போர்த்திக்கிட்டு, டீசல் நாத்தம் தாங்காம உடனே அவிழ்த்துட்டார்.

அடுத்த வருஷம் தை பொறந்ததும் கலியமூர்த்தி செக்‌ஷனுக்கு வந்தான்.

"சார், பூசத்துக்கு உங்களக் கண்டிப்பா வரச் சொன்னாரு அப்பா."

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. "அப்போ முந்தின நாளே வந்து டிராக்டரை ஒரு பார்வை பார்த்துடட்டுமா?"ன்னேன்.

"வேணாம் சார். நேரா வடலூருக்கு வந்துடுவீங்களாம். பஸ்ல."