விரிசலுக்குக் கீழே ஒரு தொட்டில்

தனக்குக் கேடு வந்தால் எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தை நாடலாம் என்பது எங்கள் அரசியல் சாசனத்தின் மாண்பு. 'வந்தால்' என்பதுதான் முக்கியம்.

மிசௌரி மாநிலத்தில், டன்மோர் அணைக்கு நேர் கீழே எங்கள் வீடு. அணையில் விரிசல். போன மாதம் என் முழங்கை நீளம் இருந்தது. இப்போது எட்டு மாத மகள் டெஸ்ஸாவின் உயரம். அவள் தொட்டில் அணையைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது.

அணை மத்தியக் கூட்டரசுடையது என்று சொல்லி, மாநில நீதிமன்றம் கையெடுத்துக் கும்பிட்டது. கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனேன். நீதிபதி ஹாலிஸ்டர் நான் எடுத்த விரிசல் புகைப்படத்தைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார்.

"ஏம்மா, வெள்ளம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லைங்க ஐயா. வந்தா நாங்க இருக்க மாட்டோம்."

"அப்ப உங்களுக்குப் பாதிப்பே இல்லையே! பாதிப்பு இல்லாதவங்க வழக்குப் போட முடியாது."

"வந்தப்புறம் போடலாமா?"

"வந்தப்புறம் தடுக்கச் சொல்லி எப்படிக் கேப்பீங்க? அதான் வந்துடுச்சே."

கனிவான மனிதர். டெஸ்ஸாவுக்குக் கையசைத்தார்.

மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள். இருவர் அதையே நாற்பது பக்கத்தில் சொன்னார்கள். மூன்றாமவர் அவர்களை மறுத்து, என் பக்கம் எழுதினார். கண்ணீர் வரவழைக்கும் நடை. சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கப்போகிறார்களாம்.

"தோத்தாலும் அழகா தோத்தோம், மேடம்," என்றார் என் வக்கீல் விக்ஸ்டிராம், அந்த மறுப்புத் தீர்ப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியபடி.

உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் மறுத்தது. காரணம் சொல்வது அங்கே வழக்கமில்லை.

பிறகுதான் நீதிமன்ற வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். அணை விரிசலால் உயிராபத்து நேரும் என்பதால், ஆற்றங்கரையிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் உடனடியாகக் குன்றின்மேல் மாற்றப்படுகிறது. இணைப்பு: நான் எடுத்த அதே புகைப்படம்.

நீதிமன்ற எழுத்தர் லொரேனிடம் ஓடினேன். "ஆபத்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!"

"அது கோர்ட்டுக்கு வர்ற ஆபத்து, கண்ணு. உனக்கு வர்றது இன்னும் வரலையே. புது விலாசத்தைக் குறிச்சுக்கோ. வெள்ளம் வந்ததும் நேரா மேல வந்துடு. அதுக்குன்னு தனிப் படிவம் இருக்கு. மூணு பிரதி வேணும், நனையாம கொண்டு வா."

குன்றின்மேல் திறப்பு விழா. "எப்பேர்ப்பட்ட வெள்ளம் வந்தாலும் இனி நீதி நனையாது!" என்றார் மேயர். ஊரே எழுந்து கைதட்டியது. அத்தனை பேரும் அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள்.

நானும் தட்டினேன். இன்னொரு கையில் டெஸ்ஸா இருந்தாள். ஓசைதான் வரவில்லை.